நோய்தாங்கி மீன்

கட்டடத்தில் இடி விழுந்தால் இடிதாங்கி வாங்கிக்கொள்ளும். உடம்பில் நோய் விழுந்தால்? நோய்தாங்கி வாங்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் மச்சானந்த சுவாமிகள். விஞ்ஞானி யாராவது கண்டுபிடித்திருந்தால் ஆதாரம் கேட்டுப் பிடுங்கி எடுத்திருப்பார்கள். சாமியாரிடம் யார் கேட்பார்கள்?

வீரபாண்டியைத் தாண்டிச் சின்னமனூர் போகிற வழியில், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு பழைய கோழிப்பண்ணை. நட்டத்தில் மூடிக் கிடந்ததைச் சுவாமிகள் குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, ‘மச்சாவதார பீடம்’ என்று பலகை மாட்டினார். கோழிகள் காலி செய்த இடத்தில் மனிதர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். இறகு பறிக்கிற வேலை மட்டும் நிற்காமல் நடந்தது.

சனிக்கிழமை என்றால் போதும். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுகிற பாதிப் பேர் மடியில் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும். பாட்டிலுக்குள் ஒரு மீன். நீலமும் சிவப்புமாக, பட்டுப்பாவாடை போல வாலை விரித்துக்கொண்டு, ஃபைட்டர் மீன் என்று கடைகளில் விற்பார்களே, அதுதான். கண்டக்டர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு கண்டக்டரே முதுகுவலிக்கு ஒரு மீன் வாங்கி, டிக்கெட் பையோடு சேர்த்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அதோடு சிரிப்பு நின்றது.

சுவாமிகளின் சித்தாந்தம் சின்னது. உன் பெயரைச் சொல்லி ஒரு மீனை மந்திரித்துக் கொடுப்பார். வீட்டில் வைத்தால் உன் நோய் கொஞ்சம் கொஞ்சமாக மீனுக்குள் இறங்கும். இறங்கியதற்கு அடையாளம், மீனின் வால் அழுகும். வால் அழுக அழுக உனக்குச் சுகம். மீன் செத்தால், உன் உயிருக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது. கும்பிட்டுவிட்டு அடுத்த மீன் வாங்கு. அழுகாமல் துள்ளிக்கொண்டிருந்தால், உனக்கு நம்பிக்கை போதாது. அதற்கும் அடுத்த மீன் வாங்கு. பூ விழுந்தாலும் சாமிக்கு, தலை விழுந்தாலும் சாமிக்கு.

நிபந்தனைகளும் உண்டு. பாட்டில் தேங்காய் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. தண்ணீரை மாற்றவே கூடாது. வற்றினால் பீடத்துத் தீர்த்தத்தை மேலே ஊற்றலாம். தினமும் உன் கையால் சோற்றுப்பருக்கை போடவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இங்கிலீஷ் மருந்தைத் தொடக் கூடாது. அது நோய் இறங்குகிற பாதையில் குறுக்கே படுத்துக்கொள்ளுமாம்.

மச்சானந்தர் என்ற பெயர் ஜனங்கள் வாயில் நிற்கவில்லை. மச்சான் சாமி ஆகிவிட்டது. கல்யாணமான பெண்கள் புருஷன் எதிரிலேயே, “மச்சானைப் பாத்துட்டு வந்திர்றேன்” என்று கிளம்பினார்கள். புருஷன்மார்களும் சில்லறை கொடுத்து வழியனுப்பினார்கள். பக்தி மனிதர்களை எவ்வளவு பெருந்தன்மையாக ஆக்கிவிடுகிறது, பாருங்கள்!

உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருந்த சண்முகராஜும் அவர் மனைவி சொர்ணலதாவும் அந்த வரிசையில் வந்து நின்றதுதான் இதில் பெரிய வேடிக்கை. ஏனென்றால் அழுகல் நோய் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சண்முகராஜை விட்டால் ஆள் கிடையாது. வாழையோ தக்காளியோ திராட்சையோ, இலையைக் கொண்டுவந்து நீட்டினால் போதும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். “இது பூஞ்சை இல்லப்பா, பாக்டீரியா. மருந்து வேற. மொதல்ல வேருல தேங்குன தண்ணிய வடிச்சு விடு. ரெண்டு மருந்த ஒண்ணாக் கலக்கிறாத” என்பார். கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே சொர்ணலதாவுக்குப் பாதி வைத்தியம் மனப்பாடம்.

அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வியாதி. புதுச் செருப்பு கடித்து இடது கால் சுண்டுவிரலில் ஒரு புண். தேனியில் டாக்டர் ஜெபஷீலா பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார், தவறாமல் கட்டுப்போட வரச்சொன்னார். “அசட்டையா விட்டா விரலை எடுக்க வேண்டிவரும்” என்றும் சொன்னார்.

சண்முகராஜ் காதில் ‘எடுக்க’ என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அவர் அப்பாவுக்கு முழங்காலோடு எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. வீட்டுக்கு வந்த சண்முகராஜ் காலைத் துண்டால் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சொர்ணலதாவும் பயந்துபோனாள்.

பயந்தவர்களுக்கு விலாசம் சொல்ல ஆள் வராமலா போகும்? பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் வந்தார். அவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்து, மீன் வாங்கியதும் கரைந்துவிட்டதாம். அதே சமயத்தில் அவர் குடம் குடமாகத் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்தது கணக்கில் சேரவில்லை. மீன் ஒன்றும் குடிக்கவில்லை. ஆனாலும் பேர் மீனுக்கு.

பீடத்தில் சுவாமிகள் காவித் துண்டும் ஸ்படிக மாலையுமாக வீற்றிருந்தார். நெற்றியில் மீன் வடிவத்தில் சந்தனம். பேச்சில் மலையாளம். நம் ஜனத்துக்கு அதில் ஒரு மயக்கம். குமுளி மலையைத் தாண்டி வந்தது என்று சொன்னால் குளவிக்குக்கூடச் சூடம் காட்டுவார்கள்.

“பேடிக்கண்டா” என்றார் சுவாமிகள்.

“பயப்படாதீகன்னு அர்த்தம்” என்று மொழிபெயர்த்தான் சீடன் அஜய்குமார்.

“சாமி, டாக்டரம்மா மாத்திரை குடுத்திருக்காக...” என்று இழுத்தாள் சொர்ணலதா.

“மாத்திரை வேண்டா. வழி மறிக்கும்.”

“நிறுத்திட்டா புண்ணு...”

“வால் அழுகும். கால் ஆறும்.”

எதுகை சரியாக இருந்தால் அர்த்தமும் சரியாக இருக்கும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. சண்முகராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், சொர்ணலதாவும் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது பாட்டிலைத் தளும்பாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

கடையில் பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவே மீன் குடியேறியது. சண்முகராஜ் தினமும் சோறு போட்டார். மீன் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போனது. பருக்கைகள் அடியில் படிந்து ஊறின. தண்ணீர் முதலில் கஞ்சியாயிற்று, பிறகு பாசியாயிற்று, பிறகு அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாத ஒன்றாயிற்று. மாத்திரைகள் மேசை டிராயருக்குள் தூங்கின.

ஒரு காலையில் சண்முகராஜ் கூவினார். “சொர்ணம்! ஓடி வா! அழுகிருச்சு!”

பட்டுப்பாவாடை வாலின் ஓரம் கறுத்து, எலி கடித்த துணிபோலக் கிழிந்து தொங்கியது. அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தைச் சமீபத்தில் யாரும் பார்த்ததில்லை. சண்முகராஜ் லட்டு வாங்கிவரச் சொன்னார். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

“என்னங்க, இனிப்பு!” என்றாள் சொர்ணலதா.

“இனிமே எனக்கேது சுகரு? அதுதான் மீனுக்குப் போயிருச்சே” என்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

சொர்ணலதா லட்டுத் தட்டோடு பாட்டிலைப் பார்த்தாள். அடியில் சாய்ந்து கிடந்த மீன், மெல்ல எழும்பி மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு மறுபடி சாய்ந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. தன் புருஷன் நோயைச் சுமந்து இது இந்தப் பாடு படுகிறதே, இதற்கு வலி குறைய ஏதாவது கொடுக்கலாமே என்று தோன்றியது. சாமி மேல் சந்தேகமெல்லாம் அப்போது இல்லை. மீன்மேல் இரக்கம், அவ்வளவுதான். தேனிக்கு உறவுக்காரி வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லி, பாட்டிலைக் கூடைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தேனிக் கடைவீதியில் பிரின்ஸ் என்பவன் வளர்ப்புமீன் கடை வைத்திருந்தான். சொர்ணலதா பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

“தம்பி, இந்த மீனுக்குச் சர்க்கரை வியாதி. எங்க வீட்டுக்காரர் மாத்திரை மிச்சம் கெடக்கு. அதப் பொடிச்சுப் போடலாமா?”

பிரின்ஸ் மூடியைத் திறந்தான். உடனே மூடினான். கொஞ்ச நேரம் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா, மீனுக்குச் சர்க்கரையும் இல்ல, உப்பும் இல்ல. இது வால் அழுகல். தண்ணிய எப்ப மாத்துனீக?”

“மாத்தவே கூடாதுன்னு சாமி சொன்னாக. மச்சான் சாமி.”

“உங்க வீட்டுக் கக்கூஸுல தண்ணி ஊத்தாம, அங்கனயே பாய விரிச்சு ஒரு மாசம் குடியிருப்பீகளா? இது அப்படித்தான் இருக்கு. சாப்பாடும் அங்கனதான்.”

“அப்ப ஏன் சாகல?”

“ஃபைட்டர் மேல வந்து வாயால காத்து குடிக்கும்க்கா. அதனால சாக்கடையிலயும் கொஞ்ச நாளு தாக்குப்பிடிக்கும். தங்கமீனா இருந்தா அந்த வாரமே மெதந்திருக்கும்.”

சொர்ணலதா யோசித்தாள். உலகத்தில் இத்தனை மீன் இருக்க, மச்சானந்தருக்கு ஏன் ஃபைட்டர் மட்டும் உகந்த மீன் ஆனது? வாங்கியவுடன் செத்தால் ஜனம் சட்டையைப் பிடிக்கும். சாகாமல் நிதானமாக அழுகினால்தான் அதற்கு அருள் என்று பெயர் வைக்கலாம். அவள் நம்பிக்கைச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்தது.

“சரி, மருந்து குடு. அந்த நீல பாட்டில் நல்லாருக்கு, அதக் குடு.”

“எல்லாரும் நீலத்தத்தான் கேப்பாக. நெறத்தப் பாத்து வாங்க இது சேலையா? பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா இருந்தா பூஞ்சை, அதுக்கு நீலம். இதப் பாருங்க, ஓரம் கறுத்து, செவந்து, பிஞ்சு பிஞ்சு தேயுது. இது பாக்டீரியா. அதுக்கு மருந்து வேற.”

சொர்ணலதா பிரின்ஸை நிமிர்ந்து பார்த்தாள். இது அவள் வீட்டுக்காரர் குரல். தினமும் கல்லாவில் உட்கார்ந்து கேட்கிற பாட்டு.

“மொதல்ல தேங்குன தண்ணிய மாத்தணும்” என்றாள் மெதுவாக. “அப்புறந்தான் மருந்து. ரெண்டு மருந்த ஒண்ணாக் கலக்கக் கூடாது. அப்படித்தான?”

“அக்கா, நீங்களும் மீன் கடை வச்சிருக்கீகளா?”

“உரக்கடை.”

பிரின்ஸ் உற்சாகமாகிவிட்டான். “பெரிய தொட்டியில விடுங்க. கொழாத் தண்ணியப் புடிச்ச கையோட ஊத்தாதீக, குளோரின் போக இந்தச் சொட்டு மருந்த விட்டு ஊத்துங்க. தினமும் கொஞ்சம் பழைய தண்ணிய எடுத்துட்டுப் புதுசு விடணும். சோறு வேண்டாம்; இந்தத் தீனி போதும். இப்பத்தான் ஆரம்பம்னா சுத்தத் தண்ணியிலயே தேறிரும், மருந்தே வேண்டாம். இது முத்திப்போச்சு. அதனால இந்த மஞ்ச மருந்து. எழுதியிருக்க அளவுக்கு மேல ஒரு சொட்டுக் கூடாது. வாலு தேறுதேன்னு பாதியில நிறுத்திறாதீக. நிறுத்துனா மறுபடி வந்து மொத்தமாத் தின்னுரும்.”

பாதியில் நிறுத்தினால் தின்றுவிடும். சொர்ணலதாவுக்கு மேசை டிராயர் கண்முன்னால் வந்தது.

மூலையில் ஒரு சின்னத் தொட்டியில் தனியாக ஒரு மீன். அதற்கும் வால் கிழிந்திருந்தது.

“அது யாரோட நோய்?” என்று கேட்டாள்.

“என் மோட்டாரோட நோய். தண்ணி வடிகட்டுறது ரிப்பேராகி நின்னது தெரியாம விட்டுட்டேன். தண்ணி கெட்டு வால அரிச்சிருச்சு. இப்பத் தேறுது.” பிரின்ஸ் சிரித்தான். “உங்க மீனும் என் சரக்குதான் போல. அஜய்குமார்னு ஒருத்தன் வாராவாரம் பெட்டி பெட்டியா வாங்கிட்டுப் போறான். ஏதோ பள்ளிக்கூடத்துக்குன்னான். காசு ஒச்சாண்டிங்கிற பேர்லருந்து வரும்.”

ஒச்சாண்டி. பீடத்து உண்டியல்மேல் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டைக்கு நேரே போனைக் காட்டியபோதும் அந்தப் பெயர்தான் வந்தது. ஏதோ காவல் தெய்வத்தின் பெயர் என்று நினைத்து அன்றைக்கு அவள் போனையே கும்பிட்டிருந்தாள். அது சுவாமிகளின் சொந்தப் பெயர் என்று இப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புருஷனின் விரலைப் பிடித்துக் குத்தினாள். அலமாரியில் தூசி படிந்து கிடந்த சர்க்கரைக் கருவியில் ரத்தத்தை வைத்தாள். எண் எதுவும் வரவில்லை. இங்கிலீஷில் இரண்டே எழுத்து: ஹாய்.

சண்முகராஜ் பரவசமானார். “பாத்தியா சொர்ணம்! மெஷினே வணக்கம் சொல்லுது!”

சொர்ணலதா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் நர்ஸ் அலறிய அலறல் அறை முழுக்கக் கேட்டது. அது வணக்கம் இல்லையாம், ‘ஹை’ என்பதன் சுருக்கமாம். கருவியால் எண்ண முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் அப்படித்தான் காட்டுமாம். மீனுக்கு இறங்கிப்போனதாக லட்டு கொடுத்துக் கொண்டாடிய சர்க்கரை, எங்கும் போகாமல், லட்டையும் சேர்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபஷீலா விரல் கட்டைப் பிரித்தார். சொர்ணலதா எட்டிப் பார்த்தாள். ஓரம் கறுத்து, செவந்து. மீன் வாலில் பார்த்த அதே ஓரம்.

சுண்டுவிரலை எடுத்தார்கள். “இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா பாதத்தையே எடுத்திருக்கணும்” என்றார் டாக்டர். “மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?” சண்முகராஜ் கூரையைப் பார்த்தார். மீன் சாமி சொன்னார் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

கூச்சம் வந்ததே தவிர, பயம் போகவில்லை. வீடு திரும்பியதும் அவர் முதலில் தேடியது மீனை. அது பெரிய கண்ணாடித் தொட்டியில், தெளிந்த தண்ணீரில் திரிந்துகொண்டிருந்தது. கறுத்த ஓரம் போய், கண்ணாடித்தாள் மாதிரிப் புது வால் முளைத்திருந்தது.

“அய்யய்யோ, வளருதே!” என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “யாரு தண்ணிய மாத்துனது? அதுக்குத் தேறுனா நோய் எனக்கில்ல திரும்பும்! இந்தா, இப்பவே கால் வலிக்குது. பழைய தண்ணிய ஊத்து சொர்ணம்!”

“கால் வலிக்காம என்ன செய்யும், அறுத்துத் தச்சிருக்கு” என்றாள் சொர்ணலதா. அவர் விரலைக் குத்தி, கருவியை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். இப்போது ஒழுங்காக எண் வந்தது, அடக்கமான எண். “மீன் அழுகுனப்ப உங்க சர்க்கரை வானத்துல இருந்துச்சு. மீன் தேறும்போது தரையில இருக்கு. சாமி சொன்ன கணக்குக்கு இது நேர்மாறால்ல இருக்கு? அதுக்கும் மருந்து குடுத்தேன், உங்களுக்கும் மருந்து குடுத்தாக. ரெண்டு பேரும் தேறுனீக. இதுல மச்சானுக்கு என்ன வேல?”

“அதுக்கு என்ன மருந்து குடுத்த?”

“ஓரம் கறுத்துத் தேஞ்சுச்சு. பூஞ்சை இல்ல, பாக்டீரியா. தேங்குன தண்ணிய மாத்திட்டு, அதுக்குண்டான மருந்த விட்டேன்.”

சண்முகராஜ் மீனைப் பார்த்தார். பிறகு கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். “ஊரு பூராவுக்கும் இதத்தான சொர்ணம் நான் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றார். சொர்ணலதா பக்கத்தில் உட்கார்ந்தாள். “நானுந்தான கன்னத்துல போட்டுக்கிட்டேன்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் சமையலறையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்துவந்து காட்டினாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பீடத்துக்குப் போய் ஒரு மீன் வாங்கியிருந்தாள். யார் பெயருக்கு என்று கேட்டபோது, “ஒச்சாண்டி” என்று சொன்னாள். அஜய்குமார் போனில் வீடியோ பார்த்தபடியே டோக்கன் எழுதிக் கொடுத்தான். அந்தப் பக்கத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒச்சாண்டி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அவன் எதற்குச் சந்தேகப்படப் போகிறான்?

சுவாமிகள் விதித்தபடியே அந்த மீனை வைத்திருந்தாள். அதே சின்ன பாட்டில், மாற்றாத தண்ணீர், சோற்றுப்பருக்கை. சோறு போடும்போதெல்லாம், “கொஞ்ச நாளு பொறுத்துக்க சாமி, ஒன்னையும் காப்பாத்திர்றேன்” என்று மன்னிப்புக் கேட்டாள். அந்த வீட்டில் சாமி என்ற சொல்லுக்கு இப்போது அந்த மீன் ஒன்றுதான் பாத்தியப்பட்டது. சண்முகராஜ் தொழில்காரர் கண்ணோடு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எவன் பேருக்கு வாங்குனா என்ன, இந்தத் தண்ணிக்கு இரும்பே அழுகும்” என்றார். சொன்னபடியே வால் அழுகியது.

வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழா நேரம். அந்தச் சனிக்கிழமை பீடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராக அழுகிய மீனைக் கொண்டுவந்து காட்ட, “உன் மூலம் போயி”, “உன் ஆஸ்த்துமா போயி” என்று சுவாமிகள் நோய்களுக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கைதட்டியது.

சொர்ணலதா முன்னால் போனாள். பின்னால் சண்முகராஜ் கம்பு ஊன்றி வந்தார், கையில் ஒரு கூடை.

“சாமி, ஒருத்தர் பேர்ல வாங்குன மீன். வால் அழுகிருச்சு. அவருக்கு என்ன நோயின்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“பேரு?”

“ஒச்சாண்டி.”

சுவாமிகளின் இமை ஒருமுறை துடித்தது. ஆனால் மைக் வாயருகே இருந்தது, கூட்டம் காத்திருந்தது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு மோசமான அழுகலைப் பார்த்தால் எந்த வியாபாரிக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

“வலிய ரோகம்!” என்றார். “குடல் முழுக்கப் புண்ணு. ரத்தம் பூராவும் அழுக்கு. இந்த ஆள் ஒரு பாடு பேரை, ஊரையே ஏமாத்திய பாவி. அந்தப் பாவந்தான் வால் வழியா ஒழுகுது.”

கூட்டம் ‘அடடா’ என்றது.

சொர்ணலதா மைக்குக்கு நேரே குனிந்தாள். “எல்லாரும் போன எடுங்க. அந்த உண்டியல்ல ஒட்டியிருக்க அட்டையக் காட்டிப் பாருங்க. பணம் அனுப்ப வேண்டாம். யாரு பேரு வருதுன்னு மட்டும் சத்தமாப் படிங்க.”

நூற்றுக்கணக்கான போன்கள் உயர்ந்தன. முதலில் ஒரு குரல், பிறகு பத்துக் குரல், பிறகு பண்ணை முழுக்க, “ஒச்சாண்டி... ஒச்சாண்டி...” பஜனை மாதிரியே இருந்தது.

“இது உங்க பேர்ல வாங்குன மீனு சாமி” என்றாள் சொர்ணலதா. “உங்களுக்கா குடல் புண்ணு?”

“எனிக்கு ஒரு நோயும் இல்லா!”

“அப்ப மீன் எதுக்கு அழுகுச்சு?”

சுவாமிகள் விழித்தார். நோய் இருக்கிறது என்றால் ஏமாற்றுக்காரப் பாவி என்று தானே சொன்னது நிற்கும். நோய் இல்லை என்றால் நோயே இல்லாமல் மீன் அழுகும் என்றாகிவிடும். கடைசியில் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். “லோகத்தின் நோயெல்லாம் நான் வாங்கிக்கொள்கிறேன். அதுதான் என் மீன்...”

“எல்லாத்தையும் நீங்களே வாங்கிக்கிறதுன்னா எங்களுக்கு எதுக்குய்யா மீன் விக்கிறீரு?” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். முதல் சிரிப்பு அப்போதுதான் கேட்டது.

சண்முகராஜ் கூடையைத் திறந்து தன் மீன் இருந்த பாட்டிலை வெளியே எடுத்தார். முழு வாலையும் விரித்து அது ஒரு சுற்றுச் சுற்றியது. “இது எனக்குக் குடுத்த மீனு. தண்ணிய மாத்தி, சரியான மருந்து விட்டா என் சம்சாரம். இந்தா, தேறிருச்சு.” செருப்பைக் கழற்றி, காலை மேடைமேல் தூக்கி வைத்தார். “இது நான். இவன் பேச்சக் கேட்டு மாத்திரைய நிறுத்துனேன். மீனுக்கு வாலு திரும்ப வளந்துருச்சுய்யா. எனக்கு வெரல் வளருமா? சொல்லச் சொல்லுங்க!”

சிரிப்பு நின்றது. கூட்டத்தில் அவரவர் தங்கள் காலைப் பார்த்தார்கள், கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்கள். டிராயரில் தூங்குகிற மாத்திரைகள் பலருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“அந்தத் தண்ணி தீர்த்தந்தான?” என்றாள் சொர்ணலதா. அழுகிய பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள். “நீங்க குடுத்ததுதான். ஒரு மடக்குக் குடிங்க. நாங்க எல்லாரும் பேசாமப் போயிர்றோம்.”

நாற்றம் மேடையேறியது. சுவாமிகள் பின்வாங்கினார். “இன்னைக்கு விரதம்” என்றார். அடுத்த நொடி மலையாளம், சந்தனம், லோகம் எல்லாம் உதிர்ந்து விழுந்தன. “ஏலே அஜய்குமாரு! மைக்க அமத்துலே! வண்டிய எட்றா!” என்று சுத்தமான உள்ளூர்த் தமிழில் கத்தினார்.

அஜய்குமார் வண்டியை எடுத்திருந்தான். சுவாமிகளை ஏற்றிக்கொள்ளத்தான் மறந்துவிட்டான். மச்சானந்தர் காவியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னந்தோப்புக்குள் ஓடினார். வாய்க்கால் சேற்றில் கால் சிக்கியவரைத் தேங்காய் பறிக்க வந்தவர்கள் பிடித்து நிறுத்தி, போலீஸ் வண்டி வந்ததும் ஒப்படைத்தார்கள். அவரிடம் நோய் சொல்லிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் இப்போது அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சொர்ணலதா ஒச்சாண்டி மீனைக் கூடையில் தனியாகக் கொண்டுவந்திருந்த நல்ல தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றினாள். “மாத்திரைய நிறுத்துனவுக எல்லாரும் இங்கனருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று மைக்கில் சொன்னாள். சிலர் உடனே கிளம்பினார்கள். மனிதர்கள் முழுக்கத் தேறாவிட்டாலும், மீன் வாலைப் போல ஓரத்தில் கொஞ்சம் முளைக்கிறது என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் மேடையை விட்டு இறங்கும்வரைகூட நிற்கவில்லை. மொக்கம்மாள் என்று ஒரு அம்மாள், மூட்டுவலிக்கு மீன் வாங்க வந்தவர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சொர்ணலதாவின் காலில் தடாலென்று விழுந்தார்.

“ஆத்தா! மச்சானையே மடக்கிட்டியே! ஒனக்குள்ள அந்தக் கௌமாரியே எறங்கியிருக்கா! எனக்கு ஒரு வாக்குச் சொல்லுத்தா!”

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் குனியத் தயாராக நின்றார்கள். ஒருவர் தேங்காய் உடைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொர்ணலதா அந்த அம்மாளின் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

“நிமிருங்கம்மா. மூட்டுவலிக்கு டாக்டர் இருக்காக. இப்படிக் கண்டவுக காலுலயெல்லாம் குனிஞ்சுக்கிட்டே இருந்தா, மண்டையில இருக்கிற கொஞ்சநஞ்சமும் தரையில கொட்டிப்போகும். கொஞ்ச நேரம் நிமிந்து நின்னு யோசிச்சுத்தான் பாருங்களேன். அதுக்கு டோக்கன் வாங்க வேண்டியதில்ல.”